விடுபட்ட நேரம் யாருடையது?

மாலையில் தொடுத்த மல்லிகை இரவில் மலர்ந்திருக்கிறது. அரும்பாக இருந்தபோது அதைக் கண்டோம். மலராக இருக்கும்போதும் காண்கிறோம். அரும்பு மலரான அந்த நிகழ்ச்சியை மட்டும் காணவில்லை. கைக்கெட்டும் தொலைவில், எவ்வித மறைப்புமின்றி நடந்த ஒன்றை நாம் தவறவிட்டதற்குக் காரணம், அது நம் பார்வையின் பொறுமைக்கு மிஞ்சிய மெல்லிய நடையில் நடந்தது என்பதே. மிக விரைந்து செல்வதைக் கண் தவறவிடுவதுபோலவே மிக மெல்லச் செல்வதையும் தவறவிடுகிறது. கடிகாரத்தின் சின்ன முள் நகர்கிறது என்பதை அறிவோம். அது நகரக் கண்டவர் நம்மில் எவரும் இல்லை.

இந்தக் குறையை ஈடுசெய்யப் பிறந்ததுதான் ஆங்கிலத்தில் டைம்லாப்ஸ் எனப்படும் படக்கலை. காலச்சுருக்கப் படம் என்று அதை நாம் இங்கே வழங்குவோம். ஒருகாலத்தில் ஆய்வுக்கூடத்தாரும் திரைப்படக் கலைஞரும் மட்டுமே கையாண்ட இக்கலை இன்று எல்லார் சட்டைப்பையிலும் இருக்கிறது. பங்கின் இளைஞர்கள் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைப்பதை அரை நிமிடப் படமாக்கி நம் கைப்பேசிக்கு அனுப்புகிறார்கள். வெறும் தரையில் வைக்கோல் பறந்து வந்து விழுகிறது; குகை எழும்புகிறது; விண்மீன் மேலேறுகிறது. நாமும் மகிழ்கிறோம். மகிழ்வதில் தவறில்லை. ஆயினும் இப்படங்களைத் தொடர்ந்து காணும்போது ஒரு கேள்வி நெஞ்சில் நெருடுகிறது. நேரத்தைச் சுருக்கிக் காட்டும் படம் நமக்கு உண்மை சொல்கிறதா? விடப்பட்ட அந்த நேரத்தை விடுவதற்கு உரிமை யாருக்கு இருந்தது?

செய்முறையை முதலில் காண்போம். கேமராவை அசையாதவாறு முக்காலியில் நிறுத்தி, 10 நொடிக்கு ஒரு படம் எனத் தானே எடுக்கச் செய்கிறார்கள். இவ்வாறு இடைவெளிவிட்டு இயக்கும் கருவிக்கு இன்டர்வலோமீட்டர் என்று பெயர். இப்போது பல கேமராக்களில் அது உள்ளேயே அமைந்துவிட்டது. எடுத்த படங்களைக் கணினியில் வரிசையாக அடுக்கி, நொடிக்கு 24 படம் என்ற வேகத்தில் ஓட்டினால், நான்கு நிமிடம் ஒரு நொடியாகிவிடுகிறது. ஓடும் மேகத்துக்கு இரண்டு முதல் ஐந்து நொடி இடைவெளி போதும். செடி வளர்வதைக் காட்டப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கைக் கவனிப்பது நல்லது. ஒவ்வொரு படத்துக்கும் கேமரா நொடியில் 50இல் ஒரு பங்கு நேரமே ஒளியை ஏற்றதென வைத்துக்கொள்வோம். 10 நொடிக்கு ஒரு படம் என்றால், நடந்தவற்றில் கேமரா கண்டது 500இல் ஒரு பங்கு. எஞ்சிய 499 பங்கு நேரமும் அது கண்மூடி இருந்தது. ஆனால் திரையில் மேகம் தடையின்றி ஓடுகிறது. கண்மூடிய நேரத்தின் சுவடே இல்லை. காலச்சுருக்கப் படத்தின் அழகு முழுவதும் இந்தச் சுவடின்மையில்தான் இருக்கிறது. நம் கேள்வியும் அங்கேயே பிறக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுவது முறை. 1910இல் இங்கிலாந்தில் பெர்சி ஸ்மித் என்பவர் மொட்டுகள் மலர்வதைக் காட்டும் ஒரு குறும்படம் எடுத்தார். 'ஒரு மலரின் பிறப்பு' என்பது அதன் பெயர். கல்வித்துறை அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். தம் வீட்டிலேயே கருவிகளை அமைத்து, இரவு பகலாகச் செடிகளின் முன் கேமராவைக் காவல் வைத்தார். கருவியில் கோளாறு நேர்ந்தால் தம்மைத் துயிலெழுப்பும்படி வீட்டில் மணிகளையும் பொருத்தியிருந்தார். அந்தப் படத்தில் லில்லியும் ரோஜாவும் சோம்பல் முறித்து எழுவதுபோல் இதழ் விரித்தன. தாவரம் அசையாப் பொருள் என்று எண்ணியிருந்த மக்களுக்கு அது அசைந்து, தேடி, திரும்பி, தவித்து வாழும் ஓர் உயிர் எனத் தெரிந்தது. இது பொய்யா? இல்லவே இல்லை. நம் கண்ணுக்கு எட்டாத ஓர் உண்மையை நம் கண்ணின் அளவுக்கு மடித்துத் தந்த உதவி அது.

நற்செய்தியில் வரும் விதைப்பவர் நினைவுக்கு வருகிறார். விதைத்துவிட்டு உறங்குகிறார், எழுகிறார், விதை வளர்கிறது, எப்படி என்று அவருக்குத் தெரியாது. பெர்சி ஸ்மித் உறங்காமலிருந்து அந்த 'எப்படி'யைக் காண முயன்றவர் எனலாம். காணவும் செய்தார். ஆயினும், முளை மண்ணைப் பிளந்து வருவதைத் திரையில் நூறு முறை கண்ட பிறகும், அது ஏன் வளர்கிறது என்று கேட்டால் அந்த விவசாயி சொன்ன விடையைத்தான் நாமும் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் அந்த மறைபொருளின் உறையைக் கிழிக்கவில்லை. அருகே கொண்டுவந்து காட்டியது. மலரின் காலத்தைச் சுருக்கியதால் மலருக்கு இழப்பு ஏதும் நேர்ந்ததாகத் தெரியவில்லை.

மனிதர் வரும்போது கதை மாறுகிறது.

இதே கலையின் தொடக்கக் காலத்தில் எடுக்கப்பட்ட இன்னொரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1901இல் நியூயார்க் நகரின் பிராட்வே வீதியில், 13ஆம் தெரு சந்திக்கும் இடத்தில் இருந்த ஸ்டார் தியேட்டர் என்னும் நாடக அரங்கம் இடிக்கப்பட்டது. பயோகிராப் படநிறுவனத்தார் தம் அலுவலகத்திலிருந்து அதைப் பதிவு செய்தனர். நாளுக்கு எட்டு மணி நேரம், நான்கு நிமிடத்துக்கு ஒரு படம் என, ஏறத்தாழ ஒரு மாதம் கேமரா இயங்கியது. திரையில் அந்தப் பெரிய கட்டடம் சில நிமிடங்களில் மெழுகுபோல் உருகி மறைகிறது. வீதியில் வண்டிகள் பொறிகளாகச் சிதறுகின்றன. இடித்தவர்கள் எங்கே? உற்றுப் பார்த்தால் சுவர்மேல் சில புள்ளிகள் தோன்றி மறைவது தெரியும். சுத்தியலும் கடப்பாரையும் ஏந்தி ஒரு மாதம் உயரத்தில் நின்ற மனிதர்கள் அவர்களே. ஒருவர் முகமும் நமக்குத் தெரியவில்லை. கட்டடம் தானே கரைந்ததுபோல் இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் படத்தைத் தலைகீழாகவும் ஓட்டிக் காட்டலாம் என்றார்கள். படத்தின் பெயரே இடிப்பதும் கட்டுவதும் என்று அமைந்தது. அப்படி ஓட்டும்போது வெறுநிலத்திலிருந்து அரங்கம் எழுகிறது. எவரும் செய்யாத வேலை, எவரும் சிந்தாத வியர்வை. ஆனால் கட்டடம் எழும்பிவிட்டது! கூலி கேட்க ஆளே இல்லாத இத்தகைய கட்டுமானத்தை விரும்பும் முதலாளிகள் இன்றும் உலகில் குறைவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

துபாய் நகரின் புர்ஜ் கலிபா கோபுரம் 828 மீட்டர் உயரமுள்ளது. 2004 ஜனவரியில் பணி தொடங்கி 2010 ஜனவரி 4ஆம் நாள் திறக்கப்பட்டது. பணி உச்சத்தில் இருந்தபோது நாள்தோறும் 12,000க்கும் மேற்பட்டோர் அங்கு உழைத்தனர். அவர்களில் பெரும்பான்மையோர் தெற்காசிய நாடுகளிலிருந்து சென்றவர்கள். இந்தக் கோபுரம் எழுவதைச் சில நிமிடங்களில் காட்டும் படங்கள் பல உண்டு. பாலைமணலிலிருந்து ஒரு வெள்ளி ஊசி வானைத் துளைத்து எழுகிறது. பாரந்தூக்கிகள் பொம்மைகள்போல் சுழல்கின்றன. நம் பங்குகள் பலவற்றிலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்குச் சென்றவர்கள் உண்டு. கோடை வெயிலில் சாரத்தின் மேல் நின்ற ஒரு பிற்பகல் எவ்வளவு நீளமானது என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். படத்தில் அந்தப் பிற்பகலுக்கு ஒரு நொடியில் சிறு பங்குகூட இடமில்லை. மணலின் காலமும் இரும்பின் காலமும் இதில் சுருக்கப்பட்டிருந்தால் நாம் கேள்வி எழுப்பமாட்டோம். சுருக்கப்பட்டது ஒருவருடைய ஆறு ஆண்டு. அவர் மகள் நடை பழகியதையும் பள்ளி சென்றதையும் காணாத ஆறு ஆண்டு.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும். சுருக்காமல் எதைத்தான் சொல்ல முடியும்? வரலாறு எழுதுவோர் நூற்றாண்டுகளை ஒரு பக்கத்தில் அடக்கவில்லையா? கதை சொல்லும் பாட்டி, சில ஆண்டுகள் சென்றன என்று ஒரே மூச்சில் தாண்டவில்லையா? நற்செய்தியாளர்களே ஆண்டவரின் நாசரேத்து வாழ்வை, பன்னிரண்டு வயதுக்குப் பின் ஏறத்தாழ முப்பது வயது வரை, ஒரு வரியில் கடந்துவிடவில்லையா?

வலுவான வாதம்தான். சுருக்குவது தன்னிலே பொய் அன்று என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு வேறுபாட்டைக் கருதிப் பார்க்க வேண்டும். நற்செய்தி அந்த ஆண்டுகளைத் தாண்டும்போது, தாண்டுகிறது என்பதை நாம் அறிகிறோம். இடைவெளி இடைவெளியாகவே விடப்பட்டிருக்கிறது. அந்த மௌனத்தின் முன் நின்று தச்சுப்பட்டறையையும் மரியாவின் அடுப்படியையும் தலைமுறை தலைமுறையாகத் தியானித்து வந்திருக்கிறோம். சொல்லப்படாததாலேயே அந்த ஆண்டுகள் நம் எண்ணத்தில் ஆழ்ந்துவிட்டன. காலச்சுருக்கப் படமோ இடைவெளியை விடுவதில்லை, மூடிவிடுகிறது. 499 பங்கை நீக்கிவிட்டு இரு முனைகளையும் தையல் தெரியாமல் ஒட்டுகிறது. விடுபட்டது ஒன்று உண்டு என்ற நினைவே எழாதபடி செய்வதுதான் அதன் திறமை.

புனித அகுஸ்தினார் தம் வாழ்வை அறிக்கையிட்டு எழுதிய நூலின் 11ஆம் பகுதியில் காலத்தைப் பற்றி ஆராய்கிறார். தமக்குத் தெரிந்த பாடல் ஒன்றைப் பாடத் தொடங்கும் மனிதரை எடுத்துக்காட்டுகிறார். பாடுமுன் பாடல் முழுவதும் எதிர்பார்ப்பில் இருக்கிறது. பாடப்பாட அது நினைவுக்குள் செல்கிறது. எதிர்பார்ப்புக்கும் நினைவுக்கும் இடையே உள்ளம் நீட்டப்படுகிறது. அந்த நீட்சியில்தான் நாம் காலத்தை அளக்கிறோம் என்பது அவர் கருத்து. இதை ஏற்றால், காலச்சுருக்கப் படம் நமக்கு மாற்றத்தைக் காட்டுகிறது, காலத்தைக் காட்டவில்லை என்று துணிந்து சொல்லலாம். நீட்டப்படாத உள்ளத்தோடு நாம் அதைப் பார்க்கிறோம். எதிர்பார்க்க நேரமில்லை, நினைத்துக்கொள்ளவும் நேரமில்லை. ஒரு பனிக்காலம் கழிந்து வசந்தம் வந்துவிட்டது. குளிரில் நடுங்கியவருக்கு வசந்தம் தரும் ஆறுதலை நாம் அடையவில்லை.

படத்தொகுப்பு மென்பொருளின் பங்கும் இதில் சிந்திக்கத் தக்கது. படம் எடுப்போர் கேமராவின் ஒளித்துளையை ஒரே அளவில் வைத்தாலும், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போது அது மயிரிழை வேறுபடுகிறது. தனித்தனியே பார்த்தால் தெரியாத இந்த வேறுபாடு, படங்களை ஓடவிடும்போது விளக்கொளி துடிப்பதுபோல் கண்ணை உறுத்தும். இதைச் சரிசெய்யத் தனி மென்பொருள்கள் உள்ளன. ஜெர்மானியரான குந்தர் வெக்னர் உருவாக்கிய எல்ஆர்டைம்லாப்ஸ் அவற்றுள் பெயர்பெற்றது. முன்னும் பின்னும் உள்ள படங்களின் ஒளியைக் கணக்கிட்டு, மேடுபள்ளங்களை அது சமன் செய்கிறது. ஆனால் கருவியின் குறையால் வந்த துடிப்பு எது, உண்மையிலேயே ஒரு முகில் கதிரவனைக் கடந்ததால் வந்த நிழல் எது என்று கணக்குக்குத் தெரியாது. மட்டுமீறிச் சமன் செய்தால் நிகழ்ந்த நிழலும் சேர்ந்து அழிந்துபோகும். தவற்றை நீக்குகிறோம் என்று நடந்ததையே நீக்கிவிடும் ஆபத்து, கணினிக்கு மட்டும் உரியது அன்று.

பகல் இரவாவதை ஒரே தொடராகப் படமெடுப்பதுதான் இக்கலையில் மிகக் கடினமானது. பட்டப்பகலின் ஒளிக்கும் விண்மீன் ஒளிக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஆகவே இருள இருள, கேமராவின் அளவுகளைப் படிப்படியாக மாற்றவேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் படம் திடீரென ஒரு படி வெளிறிக் குதிக்கும். அக்குதிப்புகளையெல்லாம் பின்னர் கணினியில் இழைத்து மறைக்கவேண்டும். இந்த அரிய வித்தைக்குப் படக்கலைஞர் இட்ட பெயர் என்ன தெரியுமா? ஹோலி கிரேல்! இறுதி இராவுணவில் ஆண்டவர் கையிலேந்திய கிண்ணத்தைத் தேடி வீரர்கள் அலைந்ததாகச் சொல்லும் ஐரோப்பியப் பழங்கதையின் புனிதக் கிண்ணம். பெயரைக் கேட்டு நமக்குச் சிறிது முகம் சுளிக்கத் தோன்றினாலும், பொருத்தம் இல்லாமல் இல்லை. சாதாரண ஓர் அந்திப்பொழுது இடைமுறியாமல் கைக்கு எட்டுவது எவ்வளவு அரிது என்று அவர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். நாமோ நாள்தோறும் நம் வீட்டு வாசலில் அதை இலவசமாகப் பெற்று, பாராமல் உள்ளே போய்விடுகிறோம்.

இங்கும் ஒரு நுட்பம் உண்டு. அந்தி இயல்பாக மயங்குவதாகத் தோன்றவேண்டுமானால் ஒவ்வொரு படத்திலும் கைவைத்தே ஆகவேண்டும்; கைவைக்காத படமே பொய்யாகத் தோன்றும். ஏனெனில் நம் கண்ணும் இருளுக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஆகவே, திருத்தப்பட்டதெல்லாம் பொய், திருத்தாததெல்லாம் மெய் என்ற எளிய அளவுகோல் இங்கே உதவாது. யார் பொருட்டுத் திருத்தினோம், எதை மறைக்கத் திருத்தினோம் என்றே கேட்கவேண்டியிருக்கிறது.

இக்கேள்வியை ஆழ்ந்து உணர்ந்த ஒரு கலைஞரைப் பற்றி நம் வாசகர் அறிவது நன்று. காட்ஃப்ரி ரெஜியோ 1940இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். பதினான்கு வயதளவில் கிறிஸ்தவ அருட்சகோதரர்கள் துறவற சபையில் சேர்ந்து, மௌனத்திலும் செபத்திலும் கற்பிப்பதிலும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். நியூ மெக்சிகோ மாநிலத்தில் தெருவோர இளைஞரிடையே பணியாற்றினார். பின்னர் சபையிலிருந்து வெளியேறி, 1982இல் 'கொயானிஸ்காட்ஸி' என்னும் படத்தை வெளியிட்டார். ஹோப்பி என்னும் அமெரிக்கப் பழங்குடியினரின் மொழியில் அச்சொல், சமநிலை இழந்த வாழ்வைக் குறிக்கும். படத்தில் உரையாடல் இல்லை, கதை இல்லை, பிலிப் கிளாஸ் அமைத்த இசை மட்டும் உண்டு. ரான் ஃப்ரிக் ஒளிப்பதிவு செய்தார்.

மேகங்கள் அருவியாக விழுகின்றன. நகரத்தின் கார் விளக்குகள் இரத்தநாளங்களில் ஓடும் குருதிபோல் பாய்கின்றன. தொழிற்சாலையில் இறைச்சிக் குழல்கள் பட்டையில் வரிசையாக வெளிவருகின்றன. அடுத்த காட்சியில் நகரும் படிக்கட்டில் மனிதர்கள் அதேபோல் வரிசையாக வெளிவருகிறார்கள். பார்ப்பவர் நெஞ்சு திடுக்கிடுகிறது. கூட்டத்தை வேகப்படுத்தினால் மனிதர் பண்டமாகிவிடுகிறார் என்பதைக் குற்றச்சாட்டாகவே ரெஜியோ காட்டுகிறார். நம் கருத்துக்கு இதைவிட முக்கியமானது அதே படத்தில் அவர் செய்த இன்னொன்று. தனி மனிதரிடம் வந்ததும் வேகம் நின்றுவிடுகிறது. வீதியில் ஒரு முதியவர், கேமராவை நேரே நோக்கி நிற்கும் சிலர் - இவர்களை அவர் மெதுவாக, இயல்பைவிடவும் மெதுவாகக் காட்டுகிறார். முகத்தைச் சுருக்க அவர் மனம் ஒப்பவில்லை. மௌனத்தில் பதினான்கு ஆண்டு பழகியவருக்கு அது எளிதாகப் புரிந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

இனி நம் கைப்பேசிக்கு வருவோம். ஆப்பிள் நிறுவனம் 2014இல் ஐபோனில் இவ்வசதியைச் சேர்த்தபோது அதன் செயல்முறை இவ்வாறு இருந்தது: தொடக்கத்தில் நொடிக்கு இரண்டு படம் எடுக்கும். பத்து நிமிடம் கடந்ததும், எடுத்ததில் ஒன்றுவிட்டு ஒன்றைக் கழித்துவிட்டு, இனி நொடிக்கு ஒன்று என மாறும். இருபது நிமிடம் கடந்தால் மீண்டும் பாதியைக் கழிக்கும். இவ்வாறே நாற்பது, எண்பது எனத் தொடரும். இதன் விளைவு விந்தையானது. அரைமணி நேரத் திருப்பலியை எடுத்தாலும் 30 நொடி. நான்கு மணி நேரத் தேர்ப்பவனியை எடுத்தாலும் 30 நொடி. பயனாளர் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. எதை எவ்வளவு சுருக்குவது என்ற கேள்வியே நம் கையிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எல்லாமே அரை நிமிடம் பெறுமானம் உள்ளவை. அதற்கு மேல் எதற்கும் தகுதி இல்லை!

வசதிக்காகச் செய்யப்பட்டது இது. குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழக்கம் மெல்ல மெல்ல நம் உள்ளத்தின் அளவுகோலாகிறது. நோயாளியின் படுக்கையருகே உட்காரும் பிற்பகலைப் பழகிய கண்ணுக்கு வெறும் இடைவெளியாகத் தோன்றத் தொடங்கினால், அதில் கழிக்கத் தகாதது எதுவும் இல்லையென்று அது முடிவு கட்டிவிடும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தையின் முன்னும், சொன்னதையே சொல்லும் முதியவரின் முன்னும் நாம் பொறுமையிழப்பது முன்பும் உண்டு. அந்தப் பொறுமையின்மைக்கு இப்போது ஓர் அழகிய வடிவம் கிடைத்திருக்கிறது என்பதே கவலை.

தம் காலத்தைத் தாமே சுருக்கிக்கொள்வோரைப் பற்றி நாம் வேறுவிதமாக எண்ணுகிறோம். கார்ல் பேடன் என்னும் அமெரிக்க நிழற்படக் கலைஞர், இயேசு சபையினரின் பாஸ்டன் கல்லூரியில் கற்பித்தவர். 1987 பிப்ரவரி 23 முதல், நாள்தோறும் தம் முகத்தை ஒரே கேமராவால், ஒரே கோணத்தில், உணர்ச்சி காட்டாமல் படமெடுத்து வந்தார். முப்பது ஆண்டு நிறைந்தபோது அவற்றின் எண்ணிக்கை 10,950ஐ நெருங்கியிருந்தது. நொடிக்கு 24 என ஓட்டினால் எட்டு நிமிடத்துக்கும் குறைவு. எட்டு நிமிடத்தில் ஓர் இளைஞர் கிழவராகிறார். இதைக் காணும்போது நமக்குச் சாம்பல் புதன் நினைவு வருகிறது. ஆனால் இங்கே சுருக்கியவரும் சுருக்கப்பட்டவரும் ஒருவரே. ஒவ்வொரு நாளும் கேமராவின் முன் போய் நின்று அந்த நாளைத் தாமே கொடுத்தார்.

பிள்ளையின் முதல் ஆண்டையும், தளர்ந்த தந்தையின் கடைசி மாதங்களையும் இதே முறையில் தொகுத்து ஊரறியப் பரப்புவோர் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்ப்பதில்லை. அன்பினால் செய்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. எனினும், கன்னம் ஒட்டி, கண் குழிந்து, ஒருவர் இருபது நொடியில் உருக்குலைவதைப் பார்ப்பவர் திரையில் காண்பது அவர் நோய் ஒன்றையே. அந்த மாதங்களில் ஒருநாள் அவர் சிரித்திருப்பார், ஒருநாள் குழம்பில் உப்பில்லை என்று கோபித்திருப்பார். அவையெல்லாம் 499 பங்கில் போய்விடுகின்றன.

சுருக்கத்தின் மறுபுறம் காத்திருப்பு. கருவி காத்திருப்பதால் மனிதர் காத்திருக்க வேண்டியதில்லை என்று எண்ணிவிடுகிறோம். இரண்டு நிகழ்ச்சிகள் வேறுவிதமாகப் பேசுகின்றன.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தாமஸ் பார்னெல் என்னும் பேராசிரியர் ஒரு சோதனையைத் தொடங்கினார். தட்டினால் உடையும் அளவுக்குக் கெட்டியாகத் தோன்றும் கீல், உண்மையில் மிக மெல்ல ஒழுகும் ஒரு திரவம் என்று மாணவருக்குக் காட்டுவதே நோக்கம். கீலை உருக்கிப் புனலில் ஊற்றி, மூன்று ஆண்டு இறுகவிட்டு, 1930இல் புனலின் அடியை வெட்டிவிட்டார். ஒரு சொட்டு விழ எட்டு ஆண்டும் அதற்கு மேலும் ஆகிறது. பிற்காலத்தில் அச்சோதனையைப் பல்லாண்டு காத்துவந்தவர் ஜான் மெயின்ஸ்டோன். 1988இல் ஒரு சொட்டு விழவிருந்த வேளையில், ஏதேனும் பருகிவர அவர் சில நிமிடம் வெளியே சென்றார். அதற்குள் சொட்டு விழுந்துவிட்டது. 2000ஆம் ஆண்டு கேமரா ஒன்றைக் காவல் வைத்தார்கள். சரியாக அந்த நேரத்தில் கேமரா பழுதானது. 2013 ஜூலையில் டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரியில் இதேபோன்ற இன்னொரு சோதனையில் சொட்டு விழுவதைக் காலச்சுருக்கப் படமாக முதன்முதல் பதிவு செய்தார்கள். அடுத்த மாதமே மெயின்ஸ்டோன் இறந்தார். தாம் காத்த புனலிலிருந்து ஒரு சொட்டு விழுவதை அவர் ஒருபோதும் காணவில்லை. அவர் வாழ்வு வீணாயிற்று என்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதை நெடுநேரம் எண்ணிப் பார்க்கலாம்.

மற்றது பனிமலைகளைப் பற்றியது. ஜேம்ஸ் பேலாக் என்னும் நிழற்படக் கலைஞர் 2007 முதல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களில் கேமராக்களை நிறுத்தி, பனியாறுகள் தேய்ந்து பின்வாங்குவதை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்தார். 2012இல் வந்த 'சேஸிங் ஐஸ்' என்ற ஆவணப்படத்தில் அவற்றைக் காணலாம். சொல்லக் கேட்டு நம்பாதவரும் ஒரு பனியாறு ஒடுங்குவதைக் கண்டு வாயடைத்துப் போகிறார். காலச்சுருக்கம் மனச்சான்றுக்குச் செய்யக்கூடிய பேருதவிக்கு இது சான்று. ஆனால் அதே ஆவணப்படத்தின் உச்சக்காட்சி சுருக்கி எடுக்கப்பட்டது அன்று. இருவர் கிரீன்லாந்தின் இலுலிசாட் பனியாற்றின் எதிரே கூடாரமடித்து வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். 2008 மே 28ஆம் நாள் பனியாற்றின் முகம் உடைந்து சரியத் தொடங்கியது. 75 நிமிடம் நீடித்தது. அவர்கள் அங்கே இருந்தார்கள்.

கேமரா பிறந்த நாட்களிலேயே இப்பொருள் பற்றி ஒரு குறிப்பு எழுதப்பட்டுவிட்டது. 1838இல் பிரான்சு நாட்டு தாகேர், பாரிஸ் நகரின் பூல்வார் து தாம்ப்ள் என்னும் பெருவீதியைத் தம் சாளரத்திலிருந்து படமெடுத்தார். அக்காலத் தகட்டில் உருவம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். வண்டியும் குதிரையும் மக்களும் நெருங்கிச் செல்லும் வீதி அது. ஆனால் அசைந்த எதுவும் தகட்டில் பதியவில்லை. வீதி ஆளரவமின்றிக் கிடக்கிறது, ஓரிடம் தவிர. நடைபாதை ஓரத்தில் ஒருவர் தம் காலணியைத் துலக்கக் கொடுத்து நின்றிருக்கிறார். அடுத்த ஆண்டு அந்தப் படத்தைப் பார்த்த சாமுவேல் மோர்ஸ் - தந்தி முறையால் அறியப்பட்டவரே - அந்த மனிதரின் காலணியும் கால்களும் தெளிவாக இருக்க, உடலும் தலையும் அசைந்ததால் பதியவில்லை என்று தம் மடலில் வியந்து எழுதினார். அவர் எதிரே குனிந்து காலணி துலக்குபவரும் மங்கலாகத் தெரிகிறார். அவருடைய கைகள் ஓயவில்லை அன்றோ. படம் எடுக்கப்படுவதை இருவரும் அறிந்திருக்க வழியில்லை. பெயர்கள் எவருக்கும் தெரியாது. அந்தக் காலைப்பொழுதில் அவ்வீதியைக் கடந்த அத்தனை பேரிலும் தகட்டில் எஞ்சியவர்கள், ஒரு சிறு பணிவிடைக்காகச் சில நிமிடம் ஒருவர் முன் ஒருவர் நின்ற அந்த இருவரே.